ஒன்றாம் எண்ணின் சொந்தக்காரர்

கோட்டை இழுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அத்தியாயம் முழுக்க ஒரு குற்றவாளியைத் தேடப் போகிறோம். நடுவில் யாராவது என்னை நோக்கி விரலை நீட்டினால், தயவுசெய்து என் பொருட்டு ஆச்சரியப்பட வேண்டாம்.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால், திருப்பதியில் ஒரு பால் கம்பெனியின் மீட்டிங் அறை. என் லேப்டாப் திரையில் இரண்டு டேபிள்கள். ஒன்றில், சித்தூர்ப் பக்கத்து ஊர்களில் பால் வாங்கும் நாற்பது சென்டர்களின் பட்டியல். இன்னொன்றில், சித்தூர் பிளான்ட் வரை வந்து, திரிந்துபோய்விட்டது என்று ஒதுக்கப்பட்ட கேன்கள்: தேதி, வேளை, சென்டர் எண். இரண்டும் திரையின் இரண்டு மூலைகளில், கல்யாணத்தில் சண்டை போட்ட சம்பந்திகள் போல முகம் திருப்பி உட்கார்ந்திருந்தன. நான் ஒன்றின் எண்ணைப் பிடித்து இழுத்து மற்றதன் எண் மேல் போட்டேன். நடுவே ஒரு கோடு விழுந்தது. எங்கள் தொழிலில் இதற்கு ரிலேஷன்ஷிப் என்று பெயர். இருபத்தொன்பது வயதில் நான் வெற்றிகரமாக ஏற்படுத்திய முதல் ரிலேஷன்ஷிப் என்று அப்போது நினைத்தேன்.

கோடு விழுந்ததும் ரிப்போர்ட்டில் சிவப்புத் தூண்கள் முளைத்தன. முப்பத்தொன்பது ஊருக்குக் குட்டை குட்டையாக. குடிபாலாவுக்கு மட்டும் ராஜகோபுரம். இருநூற்றுப் பன்னிரண்டு கேன்கள். அறையில் எல்லாரும் மூச்சை இழுத்தார்கள். நான் கைதட்டலுக்குச் சற்று இடம் விட்டேன். தட்டினார்கள்.

குடிபாலா சென்டரை நடத்துபவர் தேவசேனா. அன்று மாலையே சென்டருக்குப் பூட்டு. மூன்றாம் நாள், 'எல்லாம் என் தவறுதான்' என்ற கடிதத்தில் அவர் கையெழுத்தும் போட்டுவிட்டார். இன்று மாலை நாலு மணிக்கு எம்.டி. சுரேஷ்பாபு இன்னொரு தாளில் கையெழுத்துப் போட்டால் அவர் வேலை போய்விடும். அதோடு, அவர் பெயரையும் போட்டு எல்லா சென்டருக்கும் ஒரு சுற்றறிக்கை போகும். அதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் எந்தப் பால்காரரும் அவரைப் பாத்திரம் கழுவக்கூடக் கூப்பிட மாட்டார்.

இதற்கெல்லாம் எனக்கு என்ன தோன்றியது என்றால், ஒன்றும் தோன்றவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்தால் அது யாருடைய உதடோ மாதிரி இருக்குமே, அப்படி. பன்னிரண்டு நாளாகச் சாப்பிடுகிறேன், குளிக்கிறேன், வழக்கம்போல் ஜோக் அடிக்கிறேன். ஊசியின் மரப்பு மட்டும் இறங்கவில்லை.

"படி, யோகேஷ்," என்றார் மனோரமா.

மனோரமா என் முதலாளி. தப்பான ரிப்போர்ட்டுகளைத் துப்பறிவது அவர் தொழில். விசிட்டிங் கார்டில் என்னவோ பெரிதாகப் போட்டிருக்கும்; கம்பெனிக்காரர்கள் 'நம்பர் போலீஸ்' என்பார்கள். எங்கள் நிறுவனத்தில் ஆள் இரண்டு, மூளை ஒன்று. அந்த ஒன்று கண்புரை ஆபரேஷனுக்காக வேலூர் போயிருந்த இரண்டு வாரத்தில்தான் நான் தனியாக இந்தக் கோட்டை இழுத்தேன். நேற்றுத் திரும்பி வந்தவர், தன் நிறுவனத்தின் பெயரில் போன ரிப்போர்ட்டைத் தானும் ஒரு முறை பார்க்க வேண்டும் என்று, இன்று காலை பத்தரைக்குக் கறுப்புக் கண்ணாடியோடு எம்.டி.யின் அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார். கண்ணுக்கு இன்னும் பத்து நாள் ஓய்வாம். அதனால் வாசிப்பது என் வேலை.

தேவசேனா கையெழுத்திட்ட கடிதத்தின் பின்னால் கேன்களின் பட்டியல் நாலு பக்கம் பின் அடித்திருந்தது. படித்தேன்.

"ஜனவரி பதினொண்ணு காலை, ரெண்டு கேன். ஜனவரி பதிமூணு சாயங்காலம், ஒண்ணு. ஜனவரி பதினாறு காலை, மூணு. ஜனவரி பதினெட்டு..."

"நிறுத்து. பதினாறு என்ன நாள்?"

"வெள்ளிக்கிழமை மேடம்."

"கிழமை கேக்கல. என்ன நாள்?"

எனக்கு முன்னால் சுரேஷ்பாபு சொன்னார். "கனுமு மேடம். உங்களுக்கு மாட்டுப் பொங்கல்."

"அன்னைக்குக் குடிபாலாவில பால் எடுப்பீங்களா?"

அவர் பேனாவை மூடினார். "எடுக்க மாட்டோம். அந்தப் பக்கம் அன்னைக்குக் கறக்கவே மாட்டாங்க, எல்லாம் கன்னுக்குட்டிக்கு விட்டுடுவாங்க. நம்ம வண்டியே போகாது."

"வண்டி போகாத ஊர்லேருந்து மூணு கேன் வந்து திரிஞ்சிருக்கு. நடந்து வந்துதா?"

"ஆனா அந்தம்மாவே ஒத்துக்கினாங்களே மேடம். இதோ, கையெழுத்து."

"அதுதான் எனக்குப் பிடிக்கல. நெஜமா தப்பு பண்ணினவன், இருநூத்திப் பன்னெண்டுல ஒரு பத்தையாவது என்னுது இல்லேன்னு பேரம் பேசுவான். இவங்க செய்யவே முடியாத மூணையும் சேர்த்து ஒத்துக்கிட்டிருக்காங்க."

"ஏன் சார் ஒத்துக்கிட்டாங்க?" என்று நான் கேட்டேன்.

"நன்னு அடுகுதாவேமய்யா?" என்னைக் கேட்கிறாயே என்று சுரேஷ்பாபு கையை விரித்தார். "லெட்டர் வாங்கப் போனப்ப நீயும்தானே போன?"

போனேன்தான். கேன் பட்டியலை விளக்கிச் சொல்ல லேப்டாப்போடு அனுப்பினார்கள். தேவசேனா வாசலில் எனக்கு நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். நான் ஏதோ விளக்கினேன். கையெழுத்து வாங்கியது கம்பெனி ஆள். அப்போது நான் வண்டியில் ஏ.சி. போட்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் நினைவு.

மனோரமா கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி, எம்.டி.யின் தலைக்கு மேல் சுவரில் இருந்த பேனரைப் பார்த்தார். "அது என்ன? யாரோ பெரிய கத்தரிக்கோல் வச்சிருக்காங்க."

"குடுபல்லி சென்டர் திறப்பு விழா மேடம்," என்றேன். "கத்தரிக்கோல் வச்சிருக்கறது சார்தான். ஏப்ரல் இருபது, இந்த வருஷம்."

"உன் ரிப்போர்ட்ல குடுபல்லிக்கு எத்தனை?"

"பதினேழு கேன்."

"முதல் கேன் எந்தத் தேதி?"

தட்டிப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். "போன வருஷம் ஜூன்."

"பொறக்கறதுக்குப் பத்து மாசம் முன்னாடியே பாலைத் திரிய விட்டிருக்கு. கெட்டிக்கார சென்டர்." கண்ணாடியை இறக்கினார். "சுரேஷ்பாபு, ரிப்போர்ட் ரெண்டு ஊருக்குத் தப்பு."

"அப்ப அந்தம்மாவுக்கு எது ரைட்டு?"

"இன்னும் தெரியாது."

எம்.டி. கெட்டவர் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. "நாலு மணிக்கு டைரக்டர்ஸ் வர்றாங்க மேடம். காரணம் கொண்டு வாங்க, நிறுத்தறேன். காரணமில்லாம, கையெழுத்துப் போட்ட லெட்டரை எந்த மொகத்த வச்சிக்கினு ஒதுக்கறது?"

மணி பதினொன்று.

*

சித்தூருக்குக் காரை நான் ஓட்டினேன். துப்பறியும் நாவல்களில் உதவியாளர் ஓட்டும் கார் சீறும். எங்களுடையது பழைய ஆல்டோ. மூன்றாவது கியரில் இருமும். பாகாலா தாண்டியதும் கேட்டேன்.

"மேடம், தப்பு என்னுதா?"

"ஹாரன் அடி. எருமை."

அடித்தேன். எருமை விலகியது. கேள்வியும் அதோடு போய்விட்டது.

பூதலப்பட்டில் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொன்னார். லேப்டாப்பைப் பெஞ்சில் வைத்தேன். பக்கத்தில் இரண்டு மசால் வடை. பசி இல்லை; வாங்கும் பழக்கம்தான்.

"ரிப்போர்ட்ல மொத்தம் எத்தனை கேன்?"

"ஐநூத்தி முப்பது."

"கேன் டேபிள்ல எத்தனை வரி? வரிக்கு ஒரு கேன்தானே?"

"ஆமா மேடம். ஐநூத்தி... முப்பத்தாறு."

"மிச்சம் ஆறு எங்க?"

நான் வடையைப் பார்த்தேன். வடை என்னைக் காப்பாற்றுவதாக இல்லை. "ஊர் பேர் இல்லாம ஒரு சின்னத் தூண் வந்துது மேடம். பார்க்க அசிங்கமா இருந்துது. ஃபில்டர் போட்டு மறைச்சுட்டேன்."

"வீட்டுக்கு வந்த சொந்தக்காரனைச் சட்டை அழுக்கா இருக்குன்னு கதவுக்குப் பின்னாடி நிக்க வச்சியா?"

"அழகா இருக்கணும்னு..."

"எடு அதை."

எடுத்தேன். பெயரில்லாத தூண் எழுந்து நின்றது. ஆறு கேன்கள். ஆறுக்கும் சென்டர் எண் ஒன்றே: நாற்பத்தொன்று.

மனோரமா டீயை ஊதினார். "உன் பட்டியல்ல எத்தனை சென்டர்?"

"நாப்பது."

"நாப்பது வீடு இருக்கற தெருவுக்கு, நாப்பத்தோராம் நம்பர் வீடுன்னு ஆறு லெட்டர் வந்திருக்கு. ஒண்ணு, தபால்காரன் குடிச்சிருக்கணும். இல்ல, நீ ஒரு வீட்டை இடிச்சிருக்கணும். எந்த வீடு?"

இதற்கும் அந்த மரப்பு இறங்கவில்லை. நான் செய்ததைச் சொன்னேன். கம்பெனி கொடுத்த பட்டியலில் சென்டர் எண்களில் பாதி எண்ணாகவும் பாதி எழுத்தாகவும் பதிவாகியிருந்தன. அதனால் கோடு ஒட்டவில்லை. எழுத்தை எண்ணாக மாற்றப் பத்து நிமிடம் ஆகும். அது மதியச் சாப்பாட்டு நேரம். நான் அந்த எண்களை மொத்தமாகத் தூக்கிவிட்டு, மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று புதிதாகப் போடச் சொன்னேன். பட்டியல் எப்படியும் வரிசையாகத்தானே இருக்கிறது?

"சரி. போடறதுக்கு முன்னாடி எதையாவது எடுத்தியா?"

"ஒரே ஒரு வரி மேடம். அது சென்டரே இல்ல. மேல அலங்காரத்துக்குப் போட்டிருந்தாங்க. பிள்ளையார் சுழி மாதிரி."

"அந்த வரியில என்ன எழுதியிருந்தது?"

"ஸ்ரீ வெங்கடேஸ்வர சுவாமி, திருமலை."

டீக்கடைக்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

"சாமிக்கு என்ன நம்பர்?"

"ஒண்ணு."

மனோரமா கண்ணாடியைக் கழற்றினார். ஒரு கண் இன்னும் சிவந்திருந்தது. "ஒண்ணாம் நம்பர் வீட்டை இடிச்சே. ரெண்டாம் நம்பரா இருந்த குடிபாலாவுக்கு ஒண்ணுன்னு பலகை மாட்டினே. அதுலேருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொரு ஊரும் ஒரு வீடு தள்ளிக் குடிபோயிடுச்சு. கடைசி வீட்டுக்கு வந்த ஆறு லெட்டர் தெருவுல நிக்குது. ஆனா கேன் டேபிள்ல பழைய நம்பர் அப்படியேதானே இருக்கு?"

"அப்படியேதான்."

"ஒவ்வொரு ஊரும் பக்கத்து ஊரோட திரிஞ்ச பாலைச் சுமக்குது. இதை ஒருத்தரும் கவனிக்கல, ஏன்னா எல்லாரும் உன் ராஜகோபுரத்தையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. சரி செய்."

செய்தேன். சுவாமியைத் திரும்பக் கூட்டிவந்து முதல் வரியில் வைத்தேன். என் ஒன்று, இரண்டு, மூன்றைத் தூக்கிவிட்டு, பழைய எண்களை எடுத்து, எழுத்தையெல்லாம் எண்ணாக்கினேன். எட்டு நிமிடம். பழைய கோட்டை அழித்துப் புதிய கோட்டை இழுத்தேன். ஒரு சென்டர், பல கேன்கள். எந்த எண்ணும் இரண்டு முறை இல்லை, எந்தக் கேனும் தெருவில் இல்லை. திரையில் தூண்கள் ஒரு படி இறங்கி நின்றன. பெயரில்லாத ஆறும் குடுபல்லிக்குப் போய்ச் சேர்ந்தன. முதல் கேன் இந்த வருஷம் மே மாதம். பட்டியலில் அடுத்த ஊரான கங்காதர நெல்லூர் தலையில் இருந்த நாலு கேன் குடிபாலாவுக்கு வந்தது.

நாலு. இரண்டு வருடத்தில் நாலே நாலு. நாற்பது ஊரில் அதுதான் குறைவு.

"முடிஞ்சுது மேடம்! எம்.டி.க்குப் போன் பண்றேன்."

"பண்ணி என்ன சொல்லுவே? ராஜகோபுரம் இப்ப எங்க இருக்கு?"

பார்த்தேன். முதல் வரியில் இருந்தது. ஸ்ரீ வெங்கடேஸ்வர சுவாமி, திருமலை: இருநூற்றுப் பன்னிரண்டு திரிந்த கேன்கள்.

"ஏழு மலை எறங்கி யாரு பால் கொண்டு வந்து ஊத்தறா?" என்றார் மனோரமா. "இதைச் சொன்னா நாலு மணிக்கு ரிப்போர்ட்டே பைத்தியம்னு தூக்கிப் போட்டுட்டு லெட்டரை எடுத்துக்குவாங்க. வண்டியை எடு. ஒண்ணாம் நம்பர்காரரைப் பார்க்கணும்."

*

சித்தூர் பிளான்ட்டின் பின்பக்கம் கேன் இறக்கும் மேடை. தரை முழுக்கத் தண்ணீர். உருளைகள் மேல் கேன்கள் டமடமவென்று வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு கேனின் கழுத்திலும் சிவப்புப் பெயின்ட்டில் எண். அதைப் பார்த்து, மூடியைத் திறந்து முகர்ந்து, பக்கத்தில் இருந்த சின்ன கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டுகிறவர் ரங்கையா. முப்பது வருட மூக்கு. ரப்பர் பூட்ஸ், காதில் பஞ்சு.

"ஒண்ணாம் நம்பர் யாருதுங்க?" என்று மனோரமா கேட்டார்.

"அது சாமிதும்மா." கண்ணைக் கேனிலிருந்து எடுக்கவில்லை.

"சாமிக்கு எதுக்கு நம்பர்?"

"இப்ப இருக்காரே எம்.டி., அவரு நைனா வச்சது. கம்பெனி ஆரம்பிச்ச நாள்ல, மொத பேரு சாமி பேருதான் எழுதணும்னு சொல்ட்டாரு. இங்க எந்தக் கடை நோட்ட தொறந்தாலும் மொத பேரு அவருதாம்மா."

"பேர் எழுதினது சரி. பால் யார் ஊத்தறது?"

"சாமி எங்கம்மா பால் ஊத்தறாரு?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ரெண்டு வருஷத்துல இருநூத்திப் பன்னெண்டு கேன் ஊத்தியிருக்காரு. எல்லாம் திரிஞ்சது."

ரங்கையாவின் மூக்கு ஒரு கேனைத் தவறவிட்டது. அவர் கைநீட்டி உருளையை நிறுத்தினார். சத்தம் அடங்கியது.

"தேவசேனான்னு ஒருத்தங்க," என்றேன் நான். "குடிபாலா. அந்த இருநூத்திப் பன்னெண்டும் அவங்க தலையில விழுந்துடுச்சு. இன்னைக்கு நாலு மணிக்கு வேலை போகுது."

"ரெண்டாம் நம்பர் அம்மாவா?" அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்தக் கேனு கண்ணாடியாட்டம் இருக்குமே சார். மாசாமாசம் அவங்களே நம்பருக்குப் பெயின்ட் அடிச்சிடுவாங்க. அவுங்க தலையில எப்டி வுழுந்திச்சி?"

நான் லேப்டாப் பையை மறு தோளுக்கு மாற்றினேன். மனோரமா என்னைக் கைகாட்டவில்லை, அது அவருடைய கருணை. ஒதுக்கி வைத்திருந்த கேன்கள் பக்கம் நடந்து, ஒன்றின் கழுத்தைத் தடவினார். எண் இல்லை. லாரியில் உரசி உரசிச் சிவப்பு ஒரு கீற்றாக மட்டும் மிஞ்சியிருந்தது.

"இது எந்த ஊருதுங்க?"

"எவனுக்குத் தெரியும்?"

"கம்ப்யூட்டர்ல என்ன போடுவீங்க?"

ரங்கையா பூட்ஸைப் பார்த்தார். பிறகு ஒரேயடியாகக் கொட்டினார். "நம்பர் போடாம அடுத்த கேனுக்குப் போவ வுட மாட்டேங்குதும்மா இந்தப் பொட்டி. பின்னாடி எரநூறு கேனு வந்துகினே இருக்குது. ஏதோ ஒண்ணு தட்டணும். அஞ்சு தட்னா அஞ்சாம் நம்பர்காரன் சாவான், ஒம்போது தட்னா ஒம்போதாம் நம்பர்காரன் சாவான். அவன் என்ன பாவம் பண்ணான்? அதான் ஒண்ணு தட்டிடுவேன். சாமி தாங்குவாரு. கேக்கவும் மாட்டாரு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யாரும்மா கேட்டாங்க?"

இரண்டு வருடமாக ஒரு மனிதர், யார் மேலும் பழி விழக்கூடாது என்று, பழியைப் போட்டு வைக்க ஒரு காலி நாற்காலியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். நான் வந்து, அந்த நாற்காலி அழகாக இல்லை என்று, அதில் தேவசேனாவை உட்கார வைத்தேன். அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்திருந்தால் அத்தியாயத்துக்கு நன்றாக இருந்திருக்கும். வரவில்லை. கேன் மூடி ஒன்று கீழே கிடந்தது. எடுத்து மேலே வைத்தேன்.

"ரங்கையாகாரு, அவங்க ஏன் ஒத்துக்கிட்டாங்கன்னு உங்களுக்குத் தோணுதா?"

"அது பெரியவங்க சமாச்சாரம் சார்," என்று உருளையை ஓட விட்டார்.

*

இரண்டே முக்காலுக்கு மனோரமா போனை ஸ்பீக்கரில் போட்டார். சுரேஷ்பாபு முழுவதையும் கேட்டார்.

"மேடம். இப்ப ரிப்போர்ட்ல சாமி பேர்ல சிவப்பா இருநூத்திப் பன்னெண்டு நிக்குதா?"

"நிக்குது."

"ஐயோ, அதை மொதல்ல எறக்குங்க! டைரக்டர்ஸ் பார்த்தா என்னை மலையேற விட மாட்டாங்க."

"எறக்க மாட்டேன். 'எண் அழிந்த கேன்'னு ஒரு வரி புதுசா போட்டு, அதுக்கு ஒரு நம்பர் குடுங்க. ரங்கையா இனிமே அதைத் தட்டட்டும். கேனுக்கெல்லாம் மறுபடி பெயின்ட் அடிக்கச் சொல்லுங்க. அப்பறம் சாமி தானா எறங்குவாரு."

"சரி, சரி. காரணம் ஒத்துக்கறேன்." அவர் குரல் தணிந்தது. "ஆனா லெட்டர் இருக்கே மேடம். அவங்க கையால போட்ட கையெழுத்து. அவங்களே வாபஸ்னு எழுதிக் குடுத்தாத்தான் நான் பேச முடியும். நாலுக்குள்ள."

சித்தூரிலிருந்து குடிபாலா அரை மணி. ஆல்டோ இருமாமல் போனது அன்று ஒரு நாள்தான்.

சென்டர் கதவில் பூட்டு. பால் ஊற்றிக்கொண்டிருந்த அறுபத்து மூன்று வீடுகளும் இப்போது வேறு ஏதோ வண்டிக்கு ஊற்றுகின்றனவாம். வழி கேட்ட இடத்தில் சொன்னார்கள். 'குடிச்சா வாந்தி வருமாமே, அந்தப் பால் சென்டரா?' என்றும் கேட்டார்கள். தேவசேனா பின்பக்கம் குழாயடியில் கேன்களைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நாளாகப் பாலே விழாத கேன்கள். நாற்பது வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"வா தம்பி. அன்னிக்கி வந்த புள்ளதான நீ? அம்மா யாரு?"

மனோரமா தன்னைச் சொல்லிக்கொண்டு, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். டேபிள், கோடு எதுவும் இல்லாமல்: "வேற கேனையெல்லாம் உங்க பேர்ல காட்டிடுச்சும்மா. தப்பு எங்களுது. உங்களுது மொத்தம் நாலுதான்."

தேவசேனா சந்தோஷப்படவில்லை. கணக்குப் பாடத்தில் வேறொரு பையனின் விடைத்தாள் கைக்கு வந்ததுபோல நின்றார்.

"அந்த நாலு என்னிக்கி?"

நான் தேதிகளைப் படித்தேன். இரண்டாவது தேதிக்குத் தலையாட்டினார். "அன்னிக்கி வண்டி மூணு மணி நேரம் லேட்டு. அது சரி. மத்ததும் சரியாத்தான் இருக்கும்." பிறகு, "அப்ப மீதி நா பண்ணலியா?"

"பண்ணலக்கா," என்றேன்.

"ம்."

மனோரமா ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். "மணி மூணு முப்பத்தஞ்சு. நீங்க எழுதின லெட்டரைத் திருப்பி வாங்கிக்கறேன்னு நாலு வரி எழுதணும்மா."

"எழுதுனது எழுதுனதுதான? அத எப்டிம்மா திருப்பி வாங்கறது?"

"தப்பா ஒரு கேன் வந்தா நீங்க திருப்பி அனுப்ப மாட்டீங்களா? அது மாதிரிதான்."

அது அவருக்குப் புரிந்தது. ஒரு கேனைக் கவிழ்த்துப் போட்டு அதன் முதுகில் தாளை வைத்து எழுதினார். ஈரம் பட்ட இடத்தில் மை கொஞ்சம் பரவியது. நாலு வரி, கையெழுத்து, தேதி. நான் படம் எடுத்து எம்.டி.க்கு அனுப்பினேன். மூன்று நாற்பத்தெட்டு. மூன்று ஐம்பத்தாறுக்குப் பதில் வந்தது: 'நிறுத்திட்டேன். நாளைக்குக் காலையில சாவி வரும்.'

சத்தமாகப் படித்துக் காட்டினேன். தேவசேனா கேட்டுக்கொண்டார். "அறுவத்திமூணு வூட்டுக்கும் நா போய் சொல்லணுமா, கம்பெனி சொல்லுமா?"

"கம்பெனி சொல்லும். நான் சொல்ல வைக்கறேன்," என்றார் மனோரமா. பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண் எரிகிறது, காரில் இருக்கிறேன் என்று போய்விட்டார். அவர் கண் எரியவில்லை என்பது எனக்குத் தெரியும்.

நான் நின்றேன். தேவசேனா மறுபடி கேனைத் தேய்க்க உட்கார்ந்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா? நீங்க பண்ணவே இல்ல. அப்பறம் ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"அட, சும்மா போட்டேன்."

"சும்மா யாராவது போடுவாங்களா? மிரட்டினாங்களா?"

"அதெல்லாம் இல்ல. வெயில்ல நிக்காத, இப்படி நெழல்ல வா."

நிழலுக்கு வந்தேன். "மாட்டுப் பொங்கல் அன்னைக்கு நீங்க பாலே எடுக்கல. அதுகூட லிஸ்ட்ல இருந்துது. பார்த்தீங்களா?"

"பாத்தேன்."

"பார்த்துட்டுமா போட்டீங்க?"

"வுடு தம்பி. அதான் முடிஞ்சிபோச்சே."

"காலையிலேருந்து எல்லாரையும் கேட்டுட்டேன்க்கா. ஒருத்தரும் சொல்லல. எனக்குத் தெரிஞ்சே ஆகணும்."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். குழாயை மூடினார். கோபமோ வருத்தமோ ஒன்றும் இல்லாத முகத்தோடு என்னை நேராகப் பார்த்தார்.

"நீ சொன்ன, அதனால போட்டேன். லேப்டாப்ப மடியில வச்சிக்கினு வாசல்ல உக்காந்திருந்த. மாட்டுப் பொங்கலுக்கு நாங்க பாலே எடுக்கலியே, இது தப்பா காட்டுதா தம்பின்னு உன்ன ரெண்டு தபா கேட்டேன். மனுசங்கதான் மறந்துடுவாங்கக்கா, இது மறக்காதுன்னு சிரிச்சிக்கினே சொன்ன. படிச்ச புள்ள சொல்லுதே, அன்னிக்கி எடுத்திருப்போம், நாந்தான் மறந்துட்டேன்னு நெனச்சிக்கினேன். அப்பறம் மத்த கேனையும் ஒண்ணொண்ணா நெனச்சிப் பாத்தேன். சரியா கழுவல போலக்குதுன்னு எனக்கே தோணிடிச்சி. அதான் போட்டேன்."